கூரியர் எழுத்துருவைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கணினியின் எழுத்துருப் பட்டியலில் கூரியர், கூரியர் நியூ ஆகிய பெயர்களைப் பார்க்காதவர் அரிது. ஆனால் அந்த எழுத்துரு ஏன் அப்படி வரையப்பட்டது, எந்த வேலைக்கு அது பொருந்தும் என்பதை அறிந்து பயன்படுத்துவோர் சிலரே. பழைய தட்டச்சுப் பொறியின் தோற்றம் வேண்டும் என்பதற்காகவே பலர் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். தோற்றம் அதன் ஒரு பகுதிதான். கூரியர் அடிப்படையில் எண்ணிக் கணக்கிடுவதற்கு உரிய எழுத்துரு: ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் நிற்கும், ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் நிற்கும் என்பதைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதத் தொடங்குவோர், நிரல் எழுதக் கற்போர், எளிய உரைக் கோப்புகளில் அட்டவணை அமைப்போர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் படி: அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ஏதேனும் ஒரு சொற்செயலியைத் திறந்து, கூரியர் நியூ எழுத்துருவை 12 பாயிண்ட் அளவில் தேர்ந்தெடுங்கள். ஒரு வரியில் ஆங்கிலச் சிற்றெழுத்து ஐ-யைப் பத்து முறையும், அடுத்த வரியில் எம்-ஐப் பத்து முறையும் தட்டுங்கள். இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் முடியும். பின்னர் இரண்டையும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவுக்கு மாற்றினால், ஐ வரி சுருங்கி எம் வரியின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவுக்கு வந்துவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உருவத்துக்கு ஏற்ப இடம் தருவது இரண்டாவது வகை. ஐ-க்கும் எம்-க்கும், முற்றுப்புள்ளிக்கும், சொல்லிடை வெளிக்கும் ஒரே அகலத்தைத் தருவது முதல் வகை. இதைச் சம அகல எழுத்துரு என்கிறோம்.

அந்த அகலம் எவ்வளவு என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பிறகு எல்லாக் கணக்கும் எளிதாகும். எழுத்தின் அளவை 1000 பங்குகளாகப் பிரித்தால், கூரியரின் ஒவ்வோர் எழுத்தும் அதில் 600 பங்கு அகலம் கொண்டது. எனவே 12 பாயிண்ட் அளவில் ஓர் எழுத்து 7.2 பாயிண்ட் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பதால், அங்குலத்துக்குச் சரியாக 10 எழுத்துகள். அளவை 10 பாயிண்டாகக் குறைத்தால் அங்குலத்துக்கு 12 எழுத்துகள். தட்டச்சுப் பொறிகளின் காலத்தில் முதல் அளவைப் பைக்கா என்றும் இரண்டாவதை எலீட் என்றும் அழைத்தார்கள்.

சம அகலம் பொறியின் அமைப்பிலிருந்து பிறந்தது. சாதாரணத் தட்டச்சுப் பொறியில் எந்த விசையை அழுத்தினாலும் காகிதத்தைத் தாங்கும் வண்டி ஒரே அளவு தூரம்தான் நகரும். எந்த எழுத்து அடிக்கப்பட்டது என்பதை அறிந்து அதற்கேற்ப நகரும் ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே எழுத்தை வரைபவர்தான் எல்லா எழுத்துகளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியாக வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: எழுத்தின் வடிவத்தைக் கூர்ந்து பாருங்கள்

கூரியரை ஐபிஎம் நிறுவனத்துக்காக 1950களின் நடுப்பகுதியில் வரைந்தவர் ஹோவர்ட் கெட்லர். அந்த வடிவத்துக்கு ஐபிஎம் தனியுரிமை தேடிக்கொள்ளவில்லை. அதனால் மற்ற தட்டச்சுப் பொறி உற்பத்தியாளர்களும் அதை எடுத்துக்கொண்டனர். 1961இல் வெளிவந்த ஐபிஎம் செலக்ட்ரிக் பொறியின் உருண்டையான எழுத்துக் கோளத்திலும் கூரியர் இடம்பெற்றது. அமெரிக்க அலுவலகக் கடிதம் என்றாலே இந்த எழுத்து நினைவுக்கு வரும் நிலை உருவாக இதுவே பெரிய காரணம்.

இப்போது எழுத்தை 100 பாயிண்ட் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் முடியும் இடங்களில் குறுக்காக ஒரு கட்டை வைக்கப்பட்டிருக்கும். இந்த முனைக் கட்டையே செரிஃப். டைம்ஸ் போன்ற புத்தக எழுத்துருக்களில் அது மெல்லியதாக, வளைந்து இணைவதாக இருக்கும். கூரியரில் அது எழுத்தின் மற்றக் கோடுகளைப் போலவே தடிமன் கொண்டது. இப்படிப்பட்டதை ஸ்லாப் செரிஃப் என்பார்கள். அடோபி என்ற மென்பொருள் நிறுவனம் வெளியிட்ட கூரியரில் நெடுக்குக் கோட்டின் தடிமனும் கிடைக்கோட்டின் தடிமனும் ஒன்றே: 1000 பங்கில் 51. அடோபியின் டைம்ஸ் எழுத்துருவிலோ நெடுக்குக் கோடு 84, கிடைக்கோடு 28. இந்த இரண்டு இணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கூரியர் ஏன் கம்பியை வளைத்துச் செய்ததுபோல் தெரிகிறது என்பது புரியும்.

இந்தக் கட்டைகளுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, இடத்தை நிரப்புவது. ஐ என்பது ஒற்றைக் கோடு. அதை 600 பங்கு அகலமுள்ள பெட்டிக்குள் தனியே நிறுத்தினால் இரு பக்கமும் பெரிய வெற்றிடம் தோன்றி, சொல் இரண்டாக உடைந்ததுபோல் தெரியும். எனவே அதன் அடியில் நீண்ட கட்டையும் தலையில் இடப்பக்கம் நீளும் சிறு கட்டையும் வைத்து அகலம் கூட்டப்பட்டது. எல், ஜே, ஆர் ஆகியவற்றுக்கும் இதே முறையில்தான் இடம் நிரம்புகிறது. எம்-இன் சிக்கல் இதற்கு நேர்மாறானது. மூன்று கால்களையும் நெருக்கி, கட்டைகளைக் குறுக்கி, அதே பெட்டிக்குள் அடக்க வேண்டும். ஒரு சம அகல எழுத்துருவின் தரத்தை அறிய விரும்பினால் ஐ, எம், டபிள்யூ ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். வரைந்தவரின் திறமை முழுவதும் அவற்றில் வெளிப்பட்டுவிடும் என்பது என் கருத்து.

இரண்டாவது வேலை, அடியைத் தாங்குவது. உலோக எழுத்து மை நாடாவின் வழியாகக் காகிதத்தைத் தாக்கும்போது, மிக மெல்லிய கோடு நாடாவை வெட்டலாம் அல்லது மங்கலாகப் பதியலாம். எங்கும் ஒரே தடிமன் இருந்தால் அடியின் வேகம் சீராகப் பரவும். முற்றுப்புள்ளியை வலுவாகத் தட்டினால் காகிதத்தில் துளையே விழும் என்பதைத் தட்டச்சுப் பயிலகத்தில் பயின்றவர்கள் தம் விரல்களாலேயே அறிவார்கள்.

மூன்றாம் படி: எந்தக் கூரியர் என்பதை முடிவு செய்யுங்கள்

கூரியர் என்ற பெயரில் பல எழுத்துருக்கள் உள்ளன. அவற்றின் அகலம் ஒன்றே ஆயினும் காகிதத்தில் அவை ஒரே மாதிரி தெரிவதில்லை.

பெரும்பாலோர் கணினியில் காண்பது மோனோடைப் நிறுவனத்தின் கூரியர் நியூ. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் இது பரவலாக வந்தது. அச்சில் இது மிக மெலிந்து தெரிகிறது. தட்டச்சுப் பொறியில் அடித்த எழுத்து, மை பரவுவதால் உலோக எழுத்தைவிடத் தடித்தே காகிதத்தில் பதியும். மை பரவாத லேசர் அச்சுப் பொறிக்கு அதே மெல்லிய வடிவத்தைக் கொடுத்தால் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சும். நீண்ட ஆவணத்தைக் கூரியர் நியூவில் அச்சிட்டுப் படிக்கும் எவருக்கும் கண் களைத்துப்போகும்.

அச்சுக்கு நான் பரிந்துரைப்பது கூரியர் பிரைம். திரைக்கதை ஆசிரியர் ஜான் ஆகஸ்ட்டின் முயற்சியில் ஆலன் டேக்-கிரீன் வரைந்து 2013இல் வெளியான இந்த எழுத்துரு திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கோடுகள் போதிய கருமையுடன் உள்ளன. அதோடு, நேர் எழுத்தை வெறுமனே சாய்த்து வைக்காமல் தனியாக வரையப்பட்ட சாய்வெழுத்தும் இதில் உண்டு. பழைய கூரியரின் சாய்வெழுத்து, நேர் எழுத்தை 12 பாகை சாய்த்தது மட்டுமே. லினக்ஸ் பயன்படுத்துவோர் கூரியர் 10 பிட்ச் அல்லது நிம்பஸ் மோனோ என்ற பெயர்களில் நல்ல வடிவங்களைக் காணலாம்.

தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தட்டச்சுத் தோற்றம் கொண்ட எல்லா எழுத்துருக்களும் சம அகலம் உடையவை அல்ல. 1974இல் வந்த அமெரிக்கன் டைப்ரைட்டர் இதற்குச் சான்று: பெயரும் கட்டைகளும் தட்டச்சுப் பொறியை நினைவூட்டினாலும் அதன் எழுத்துகள் வெவ்வேறு அகலம் கொண்டவை. அழைப்பிதழுக்கு அது அழகாக இருக்கும்; அட்டவணைக்கு உதவாது. சந்தேகம் வந்தால் முதல் படியில் செய்த ஐ, எம் சோதனையைச் செய்து பாருங்கள்.

நான்காம் படி: பக்கத்தை அமைத்தல்

எழுத்தளவு 12 பாயிண்ட். வரி இடைவெளியை 'ஒற்றை' என்று விட்டுவிடாமல், 'துல்லியமாக 12 பாயிண்ட்' என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இடைவெளி என்பதன் அளவை ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி தீர்மானிக்கும்; துல்லிய அளவைக் கொடுத்தால் மட்டுமே அங்குலத்துக்கு 6 வரிகள் என்ற கணக்கு நிற்கும்.

ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். இடப்பக்கம் 1.25 அங்குலமும் வலப்பக்கம் 1 அங்குலமும் ஓரம் விட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 6 அங்குலம், அதாவது வரிக்கு 60 எழுத்துகள். தாளின் உயரம் 11.69 அங்குலம். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் 58 வரிகள் நிற்கும். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆர்எஃப்சி ஆவணங்கள் நெடுங்காலம் வரிக்கு 72 எழுத்துகள், பக்கத்துக்கு 58 வரிகள் என்ற எளிய உரை வரம்புக்குள்ளேயே வெளிவந்தன என்பதை இங்கே நினைவுகூரலாம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பொறியில் அச்சிட்டாலும் பக்கம் பிசகாமல் இருக்க அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு உதவியது. பிறர் திருத்தம் எழுதித் தர வேண்டிய கையெழுத்துப்படி என்றால் வரி இடைவெளியை 24 பாயிண்டாக வைத்தால் பக்கத்துக்கு 29 வரிகள் வரும். திருத்துவோருக்குப் பேனா ஓட இடம் கிடைக்கும்.

பத்தியை எப்போதும் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபுறமும் சமன்படுத்தினால் சொற்செயலி சொற்களுக்கு இடையே வெளியை இழுத்து நிரப்பும். வெளியின் அகலம் மாறிய அக்கணமே சம அகலம் என்ற அடிப்படை குலைந்து, எழுத்துகள் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் நிற்பதும் போய்விடும். ஒரு சொல்லை அழுத்திக் காட்ட அடிக்கோடும் தடித்த எழுத்தும் போதும். கூரியரின் தடித்த எழுத்தும் அதே 600 பங்கு அகலம் கொண்டது என்பதால் அதனால் வரிசை கெடாது.

வலைப்பக்கத்தில் பயன்படுத்துவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். எழுத்துருப் பட்டியலின் இறுதியில் மோனோஸ்பேஸ் என்ற பொதுப்பெயரைச் சேர்க்கத் தவறாதீர்கள். குறிப்பிட்ட எழுத்துரு வாசகரின் கருவியில் இல்லாவிட்டாலும் வேறொரு சம அகல எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். அந்தப் பொதுப்பெயரை மட்டும் கொடுத்தால், உலாவிகள் வழக்கமான 16 பிக்சலுக்குப் பதிலாக 13 பிக்சல் அளவையே பயன்படுத்துவது வழக்கம் என்பதால், அளவையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். கைபேசியையும் மறக்க வேண்டாம்: 360 பிக்சல் அகலத் திரையில் 16 பிக்சல் கூரியரில் வரிக்கு 37 எழுத்துகள்தான் கொள்ளும்.

ஐந்தாம் படி: திரைக்கதைக்குப் பயன்படுத்துதல்

ஹாலிவுட்டின் திரைக்கதைகள் இன்றும் 12 பாயிண்ட் கூரியரில்தான் எழுதப்படுகின்றன. பழக்கம் மட்டுமே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். நடைமுறைக் காரணமும் உண்டு. இந்த அமைப்பில் எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது அத்துறையின் கணிப்பு. 110 பக்கம் என்றால் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று தயாரிப்பாளர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். எழுத்துருவையோ அளவையோ மாற்றினால் அந்தக் கணிப்பு முறிந்துவிடும். கதை நீண்டுவிட்டதை மறைக்க எழுத்தைச் சிறிதாக்கும் ஆசையைத் தவிர்த்துவிடுங்கள். அனுபவமுள்ளவர்கள் பக்கத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அமைப்பு இதுதான். அமெரிக்க லெட்டர் தாளில், அதாவது 8.5க்கு 11 அங்குலத் தாளில், துளையிட்டுக் கோப்பதற்காக இடப்பக்கம் 1.5 அங்குலம், வலப்பக்கம் 1 அங்குலம் விடவும். காட்சித் தலைப்பும் செயல் விவரிப்பும் இந்த ஓரத்திலிருந்தே தொடங்கும். உரையாடல் தாளின் இட விளிம்பிலிருந்து 2.5 அங்குலத்தில் தொடங்கி வரிக்கு ஏறத்தாழ 35 எழுத்துகளுக்குள் அடங்கும். பேசுபவரின் பெயர் பெரிய எழுத்துகளில் ஏறத்தாழ 3.7 அங்குலத்தில் வரும். பக்க எண் மேலே வலப்பக்கம்.

ஆறாம் படி: அட்டவணையும் நிரலும்

எளிய உரைக் கோப்பில் பெயர், அளவு, தொகை என மூன்று நிரைகள், அதாவது மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசைகள், கொண்ட பட்டியலை அமைப்பதாகக் கொள்வோம். முதலில் ஒவ்வொரு நிரையிலும் வரக்கூடிய மிக நீண்ட சொல்லின் எழுத்துகளை எண்ணி, அதோடு இரண்டைக் கூட்டி நிரையின் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை இடப்பக்கமும் எண்களை வலப்பக்கமும் ஒழுங்குபடுத்துங்கள். அப்போது 1,00,000 என்ற தொகையின் கீழ் 25,000 எழுதினாலும் ஒன்றுகள் ஒன்றுகளுக்குக் கீழும் பத்துகள் பத்துகளுக்குக் கீழும் நிற்கும். நிரைகளுக்கு இடையே டேப் விசையைப் பயன்படுத்தாமல் வெற்றிட விசையையே அழுத்துங்கள். ஒரு டேப்பை எட்டு எழுத்து அகலமாகக் காட்டும் செயலியும் உண்டு, நான்காகக் காட்டும் செயலியும் உண்டு. உங்கள் திரையில் நேராக நின்ற பட்டியல் இன்னொருவர் திரையில் சிதறிவிடும்.

நிரல் எழுதுவோருக்குச் சம அகலம் வேறொரு வகையில் உதவுகிறது. வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே பொருள் தரும் பைத்தான் போன்ற மொழிகளில், நான்கு வெற்றிடம் எங்கும் நான்காகவே தெரிய வேண்டும். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, கால்புள்ளி ஆகியவையும் முழு எழுத்தின் இடத்தைப் பெறுவதால் விடுபட்ட குறி கண்ணில் படும். கோப்பில் 80 எழுத்து வரம்பு என்று பலர் வைத்துக்கொள்வதும் பழைய கணக்குதான்: ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நிரைகள் இருந்தன, பின்னர் வந்த முனையத் திரைகளும் அதே அகலத்தை ஏற்றன.

ஆனால் நாள் முழுவதும் நிரல் எழுதக் கூரியர் சிறந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன். அதில் 1 என்ற எண்ணும் எல் என்ற சிற்றெழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பல பழைய தட்டச்சுப் பொறிகளில் 1 என்ற விசையே கிடையாது. எல்-ஐத் தட்டித்தான் ஒன்று என்று கொண்டார்கள். பூஜ்யமும் ஓ என்ற பெரிய எழுத்தும் அகலத்தில் மட்டுமே சற்று வேறுபடும். கடிதத்தில் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். கடவுச்சொல்லிலும் நிரலிலும் அது முடியாது. எனவே நிரலுக்குப் பூஜ்யத்தின் நடுவே புள்ளியோ கோடோ உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நிரல் வரிகளைச் சொற்செயலியில் எழுதிப் பழகுவதையும் தவிர்க்க வேண்டும். நேரான மேற்கோள் குறியை அது தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். அந்த வரியை இயக்கிப் பார்க்கும்போதுதான் பிழை தெரியவரும்.

ஏழாம் படி: தமிழையும் சேர்த்து எழுதும்போது

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கூரியர் நியூவில் தமிழ் எழுத்துகள் இல்லை. அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் தட்டினால், கணினி சத்தமின்றி லதா அல்லது நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவை இடையில் கொண்டுவந்து காட்டும். அவை சம அகலம் கொண்டவை அல்ல. எனவே ஆங்கிலச் சொற்கள் நேராக நிற்கும் அட்டவணையில் தமிழ்ச் சொல் ஒன்று நுழைந்ததும் அந்த வரி மட்டும் விலகிப்போகும்.

தமிழைச் சம அகலத்துக்குள் அடக்குவதும் எளிதன்று. துணைக்கால் ஒல்லியானது, ணகரமும் ஞகரமும் ஔகாரமும் அகன்றவை. 'கொ' என்பது வாசிப்போருக்கு ஓர் எழுத்து, கண்ணுக்கு மூன்று உருவங்கள், யூனிகோடுக்கு இரண்டு குறிகள். 'க்' என்பதும் யூனிகோடில் இரண்டு குறிகளே, ஆனால் ஓர் எழுத்தின் இடத்தையே பிடிக்கும். இதில் எதை ஓர் அலகாக எண்ணுவது என்பதைப் பொறுத்து நிரைக் கணக்கு மாறிவிடுகிறது. தமிழ்த் தட்டச்சுப் பொறி இதே சிக்கலைத் தன் வழியில் எதிர்கொண்டது. அதில் புள்ளிக்கு உரிய விசையை அழுத்தினால் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்தின் தலைமேல் அந்தப் புள்ளி அமர்ந்துகொள்ளும். நகராத விசை என்ற அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். எளிய உரைப் பட்டியலில் தமிழ்ச் சொற்கள் வந்தே ஆக வேண்டும் என்றால், அவற்றைக் கடைசி நிரையில் வையுங்கள். அதற்கு வலப்பக்கம் ஒழுங்குபட வேண்டியது எதுவும் இல்லாததால் கோணல் தெரியாது. இரண்டு மூன்று நிரைகளில் தமிழ் வருமானால் வெற்றிடத்தால் ஒழுங்குபடுத்தும் முயற்சியைக் கைவிட்டு, சொற்செயலியின் உண்மையான அட்டவணை வசதியைப் பயன்படுத்துங்கள். தமிழ் உரையின் நடுவே ஒரு கட்டளையையோ கோப்பின் பெயரையோ காட்ட மட்டும் கூரியர் பிரைமைப் பயன்படுத்தினால், அது தமிழ் எழுத்துகளிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும்.

எங்கே தவிர்ப்பது

எண்ணிக்கை தேவைப்படாத இடங்களில் கூரியருக்கு வேலை இல்லை. நூல், நீண்ட கட்டுரை, செய்தி ஆகியவற்றுக்கு அது இடத்தைத் தின்னும். கண்ணும் மெதுவாகவே நகரும். அமெரிக்க வெளியுறவுத் துறையே 2004இல் தன் ஆவணங்களுக்கு 12 பாயிண்ட் கூரியர் நியூவைக் கைவிட்டு 14 பாயிண்ட் டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாறியது. சுவரொட்டியில் ஒரு வரித் தலைப்பு, திருத்த வேண்டிய முதல் வரைவு, பழைய கடிதத்தை நினைவூட்டும் அட்டை ஆகியவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வரைவுக்கு அதை நான் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். அச்சான நூலின் மினுக்கம் இல்லாத பக்கத்தில் பிழைகள் எளிதில் கண்ணுக்கு அகப்படுகின்றன.

அனுப்பும் முன்

ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது எழுத்துருவை உட்பொதிக்கும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். பிடிஎஃபின் அடிப்படை எழுத்துருக்கள் என வகுக்கப்பட்ட 14இல் கூரியரின் நான்கு வடிவங்கள் உண்டு. கூரியர் பிரைம் அந்த வரிசையில் இல்லாததால், உட்பொதிக்காமல் அனுப்பினால் பெறுபவரின் கணினி வேறொன்றை இட்டு நிரப்பும். பின்னர் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு, வரியின் மீது அளவுகோலை வைத்து 6 அங்குலத்துக்குள் எத்தனை எழுத்துகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். 60 வந்தால் சரி. 62 வந்தால் அச்சுப் பொறி தாளுக்கு ஏற்பப் பக்கத்தைச் சுருக்கியிருக்கிறது. அச்சுத் தேர்வுகளில் 'உண்மையான அளவு' அல்லது 100 விழுக்காடு என்று மாற்றி மீண்டும் அச்சிடுங்கள்.